கொதிக்க வைத்தால் எது சாகும், எது சாகாது?

காய்ச்சினால் கிருமி செத்துவிடும் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். வளைந்த கழுத்துள்ள ஒரு குடுவையை வைத்து, உயிர் தானாகத் தோன்றாது என்று லூயி பாஸ்டர் நிரூபித்தார் என்பதையும் பள்ளிக்கூடத்தில் நாலு வரியில் படித்திருப்போம். இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டிலும் ஒரே ஒரு தகவல் விட்டுப்போகிறது. கொதிக்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தும் சாகாத கிருமிகள் உண்டு.

இது தெரியாததால்தான் ஐரோப்பாவின் தேர்ந்த அறிஞர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டார்கள். ஒரே மாதிரிச் சோதனையை இரண்டு பேர் நேர்மையாகச் செய்தார்கள். இரண்டு பேருக்கும் நேரெதிரான விடை வந்தது. தோற்றவர்களை முட்டாள்களாகக் காட்டும் கதைதான் இன்று அதிகம் புழங்குகிறது. அந்தக் கதை அவர்களுக்கு அநியாயம் செய்கிறது. சூடேற்றுதல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் நமக்கு மறைத்துவிடுகிறது.

புழுவும் எலியும் தானாகப் பிறந்த காலம்

உயிருள்ள பெற்றோர் யாரும் இல்லாமல், உயிரற்ற பொருளிலிருந்து நேரடியாக உயிர் பிறப்பதற்குத் தன்னிச்சைத் தோற்றம் என்று பெயர். விலாங்கு மீன் சேற்றிலிருந்து வருகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மான்ட், அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் 21 நாளில் எலி உண்டாகும் என்று குறிப்பு எழுதிவைத்தார். ஒரு மரக்கன்றை ஐந்து வருஷம் வளர்த்து, மண்ணையும் மரத்தையும் எடை போட்டுப் பார்த்தவரும் இதே மனிதர்தான். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இறைச்சியை வைத்தால் புழு வந்தது. புழுவின் தாயை யாரும் பார்க்கவில்லை.

1668இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி அந்தத் தாயைக் காட்டினார். திறந்த ஜாடியில் இருந்த இறைச்சியில் புழு வந்தது. மெல்லிய துணி கட்டிய ஜாடியில் வரவில்லை, ஈக்கள் துணியின் மேல் வந்து மொய்த்தன. புழு ஈயின் முட்டையிலிருந்து வருகிறது என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1670களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரி லேவன்ஹுக், தானே செய்த நுண்ணோக்கியில் மிளகு ஊறிய தண்ணீரைப் பார்த்தார். உள்ளே எண்ணிக்கையில் அடங்காத சின்னஞ்சிறு உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. இவற்றுக்கு முட்டை ஏது, தாய் ஏது? ஈயும் எலியும் தானாகப் பிறப்பதில்லை, சரி. இந்த நுண்ணுயிர்கள் தானாகப் பிறக்கலாமே என்று பழைய கேள்வி மறுபடி உயிர்பெற்றது.

துணி கட்டித் தடுக்க முடியாத அளவுக்குச் சின்ன உயிர்கள் இவை. ஆகவே வழி ஒன்றுதான் இருந்தது: திரவத்தைச் சூடாக்கி உள்ளே இருப்பதைக் கொன்றுவிட்டு, புதிதாக ஏதாவது தோன்றுகிறதா என்று காத்திருப்பது.

சூடு உள்ளே போய் என்ன செய்கிறது?

முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றும்போது பாருங்கள். கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக்கரு, விளிம்பிலிருந்து வெளுத்துக் கெட்டியாகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இது தொடங்கிவிடும். ஆறவைத்தாலும் அது பழையபடி தண்ணீராவதில்லை.

வெள்ளைக்கரு என்பது பெரும்பாலும் தண்ணீர், அதில் கரைந்த புரதம். புரதம் என்பது நீண்ட சங்கிலி போன்ற ஒரு மூலக்கூறு. அது குறிப்பிட்ட ஒரு வடிவில் மடிந்திருந்தால்தான் தன் வேலையைச் செய்யும். சூட்டில் அந்த மடிப்பு அவிழ்ந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. இதைப் புரதம் உருக்குலைதல் என்பார்கள்.

ஒரு பாக்டீரியாவுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. அது உணவைச் செரிப்பதும், தன்னைப் பழுது பார்ப்பதும், இரண்டாகப் பிரிவதும் ஆயிரக்கணக்கான புரதங்களை நம்பித்தான். அவை உருக்குலைந்தால் எல்லாம் நின்றுவிடும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் சூட்டில் கசியத் தொடங்கும். நமக்கு நோய் தரும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் கொதிநிலைக்கு வெகு முன்பே, 60லிருந்து 75 டிகிரிக்குள், சில நிமிடங்களிலோ நொடிகளிலோ இறந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட டிகிரியைத் தொட்டதும் எல்லாக் கிருமிகளும் ஒரே நேரத்தில் இறந்துவிடுவதில்லை. ஒரே சூட்டில் வைத்திருந்தால், ஒவ்வொரு குறிப்பிட்ட நேரத்துக்கும் பத்தில் ஒன்பது சாகும். 10 லட்சம் இருந்தால் முதல் சுற்றில் 1 லட்சம் மிஞ்சும், அடுத்த சுற்றில் 10,000, அதற்கடுத்து 1,000. சூடு கூடக்கூட அந்தச் சுற்று சுருங்கிக்கொண்டே வரும். அதனால் 'எவ்வளவு சூடு' என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். எவ்வளவு நேரம், ஆரம்பத்தில் எத்தனை இருந்தன, எந்த வகைக் கிருமி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீடமும் ஸ்பல்லன்சானியும்

1740களில் ஜான் நீடம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஆட்டிறைச்சிச் சாற்றை அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துப் புட்டியில் ஊற்றி, தக்கையால் அடைத்து, பிசின் பூசி, புட்டியைச் சூடான சாம்பலில் மறுபடி சூடேற்றினார். சில நாள் கழித்துத் திறந்தால் சாறு முழுக்க நுண்ணுயிர்கள். உள்ளே இருந்தவை செத்துவிட்டன, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, ஆகவே இவை சாற்றிலிருந்தே தோன்றியவை என்றார்.

இத்தாலியில் லாசரோ ஸ்பல்லன்சானிக்கு இரண்டு சந்தேகங்கள். தக்கை காற்றை உண்மையிலேயே அடைத்ததா? சூடேற்றியது போதுமா? 1765இல் வெளியிட்ட சோதனைகளில் அவர் தக்கையையே விட்டுவிட்டார். கண்ணாடிக் குடுவையின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடி, குடுவையை அப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிநீரில் வைத்தார். சாறு தெளிவாகவே இருந்தது.

அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். பெரிய நுண்ணுயிர்கள் அரை நிமிடக் கொதியிலேயே செத்தன. மிகச் சிறியவை அரை மணி நேரம் கொதித்த சாற்றிலும் வந்தன. அவர் கையில் கிடைத்தது அடுத்த நூற்றாண்டின் புதிருக்கான முதல் தடயம். ஆனால் அதற்குப் பெயர் வைக்க அன்று யாரிடமும் அறிவு இல்லை.

நீடம் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு நேரம் கொதிக்கவைத்தால் சாற்றில் உயிரை உண்டாக்கும் சக்தியே அழிந்துவிடும், மூடிய குடுவைக்குள் இருக்கும் காற்றும் கெட்டுவிடும் என்றார். இன்று கேட்கும்போது சாக்குப்போக்குபோல் தோன்றலாம். ஆனால் அன்றைய நிலையில் அது நியாயமான எதிர்வாதம். ஒரு விதையை வேகவைத்துவிட்டு அது முளைக்கவில்லை என்றால், விதையில் உயிரே இல்லை என்றா சொல்வோம்?

முதல் பகுதிக்கு ஸ்பல்லன்சானி பதில் வைத்திருந்தார்: நன்றாகக் கொதிக்கவைத்த சாற்றையும் தளர்வாக மூடி வைத்தால் உயிர்கள் வருகின்றன, ஆக சாற்றின் சக்தி எதுவும் அழியவில்லை. காற்றைப் பற்றிய பகுதிதான் பதிலில்லாமல் நின்றது. 1810இல் பிரான்சின் நிக்கொலா அப்பேர், புட்டியில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் முறைக்காக அரசிடம் 12,000 பிராங்க் பெற்றார். அந்தப் புட்டிகளைச் சோதித்த வேதியியலாளர் கே-லுசாக், உள்ளே ஆக்சிஜன் இல்லை என்று கண்டார். பார்த்தீர்களா, நல்ல காற்று இல்லாததால்தான் உயிர் தோன்றவில்லை என்று எதிர்த்தரப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: சூடு உயிரைக் கொல்கிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சூடேற்றி மூடும்போது காற்றும் கெட்டுவிடுகிறதா என்பதுதான் தகராறு. ஆகவே காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும், காற்றில் வரும் கிருமி மட்டும் போகக்கூடாது. அப்படி ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது.

கழுத்தை வளைத்த குடுவை

1858இல் ரூவான் நகரத்து அருங்காட்சியக இயக்குநர் பெலிக்ஸ் புஷே, தன்னிச்சைத் தோற்றத்தைச் சோதனையில் கண்டதாக அறிவித்தார். இந்த விவாதத்தில் புது வெளிச்சம் தருபவருக்கு 2,500 பிராங்க் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. மதுவும் பாலும் புளிப்பதை ஆராய்ந்துகொண்டிருந்த லூயி பாஸ்டர் இதில் இறங்கினார்.

அவர் ஈஸ்ட் சாற்றில் சர்க்கரை கலந்து குடுவையில் ஊற்றினார். கழுத்தைத் தீயில் இளக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, அன்னத்தின் கழுத்துபோல் வளைத்தார். நுனியை மூடவில்லை. ஆவி நுனி வழியாக வேகமாக வெளிவரும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டார்.

ஆறும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. முதலில் விரைந்து வரும் காற்று இன்னும் சூடாக இருக்கும் சாற்றைச் சந்திக்கிறது. அதன் பிறகு காற்று மெதுவாகத்தான் நகர்கிறது. அதில் மிதக்கும் தூசி ஈரமான வளைவில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. காற்று போகிறது, தூசி போகவில்லை. சாறு மாதக்கணக்கில் தெளிவாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நீடத்தின் கேள்வி மிச்சமிருந்திருக்கும். ஆனால் பாஸ்டர் சில குடுவைகளின் கழுத்தை உடைத்தார். ஓரிரு நாளில் சாறு கலங்கியது. வேறு சிலவற்றைச் சாய்த்து, சாறு வளைவைத் தொட்டுத் திரும்பும்படி செய்தார். அவையும் கலங்கின. அதே சாறு, அதே கொதி, அதே காற்று. தூசி சேர்ந்தது ஒன்றுதான் வித்தியாசம். சாற்றின் சக்தி அழிந்துவிட்டது என்றோ காற்று கெட்டுவிட்டது என்றோ இனி யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் குடுவையின் வடிவத்தை வரைந்து காட்டிவிட்டு, கழுத்தை உடைத்த பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது பெரிய வருத்தம். நிரூபணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1860இல் அவர் வேறு வகைக் குடுவைகளை, கொதிக்கவைத்துக் கழுத்தை உருக்கி மூடியவற்றை, வெவ்வேறு இடங்களில் ஒரு கணம் திறந்து மறுபடி மூடினார். தான் வளர்ந்த ஆர்புவா ஊருக்கு அருகே திறந்த 20இல் 8 கலங்கின. 850 மீட்டர் உயர மலையில் 20இல் 5. ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றில் 20இல் 1. அந்தப் பனியாற்றில் முதல் நாள் வேலை கெட்டுப்போனது. பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் சாராய விளக்கின் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, காற்று வேறு அடித்தது. திறந்த குடுவைகளை மூட முடியவில்லை. அவற்றை அப்படியே விடுதிக்கு எடுத்துவந்து, இரவு அறைத் தூசியில் வைக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலானவை கலங்கிவிட்டன. மறுநாள் விளக்கைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறினார். அந்த 20இல் அவற்றைச் சேர்க்கவில்லை, ஆனால் பாழானவை என்று தூக்கிப்போடவும் இல்லை. பனிமலைக் காற்றுக்கும் விடுதி அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவையே சாட்சி ஆயின.

1862இல் பரிசு பாஸ்டருக்குப் போனது.

புஷேயின் காய்ந்த புல்

1863இல் புஷே தன் இரு தோழர்களோடு, ஆல்ப்ஸைப் போலவே பனி மூடிய பைரனீஸ் மலையில் ஏறி அதே மாதிரிச் சோதனையைச் செய்தார். எல்லாக் குடுவைகளிலும் உயிர் வந்தது. அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்தது. நிபந்தனைகள் ஒத்துவராமல் புஷே தரப்பு 1864இல் விலகிக்கொண்டது. தீர்ப்பு பாஸ்டர் பக்கம் வந்தது. அங்கேயே கதையை முடித்துவிடுவது வழக்கம்.

ஆனால் புஷே பொய் சொல்லவில்லை, கவனக்குறைவாகவும் செய்யவில்லை. பாஸ்டர் ஈஸ்ட் சாற்றைக் கொதிக்கவைத்தார். புஷே கொதிக்கவைத்தது காய்ந்த புல் ஊறிய சாற்றை. அந்த ஒரு வித்தியாசம் போதும். பாஸ்டர் அன்று புல் சாற்றை எடுத்துச் செய்திருந்தால் அவருடைய குடுவைகளும் கலங்கியிருக்கும்.

கொதிநீரிலும் சாகாதது

1876இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பெர்டினாண்ட் கோன் விடையைக் கண்டார். காய்ந்த புல்லில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. உணவும் ஈரமும் குறையும்போது அது தனக்குள்ளேயே கெட்டியான ஓடு போர்த்த ஒரு சின்ன உருண்டையை உண்டாக்கிக்கொள்கிறது. இதற்கு ஸ்போர் என்று பெயர். ஸ்போர் சாப்பிடுவதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. உறங்குகிறது. நல்ல சூழல் வந்தால் முளைத்து மறுபடி சாதாரண பாக்டீரியா ஆகிவிடுகிறது.

கொதிநீர் ஏன் அதைக் கொல்லவில்லை? முட்டைக்குத் திரும்புவோம். வெள்ளைக்கருவை உலர்த்திப் பொடியாக்கிவிட்டால், 60 டிகிரிச் சூட்டறையில் நாள்கணக்கில் வைத்தாலும் அது தண்ணீரில் கரையும் தன்மையை இழப்பதில்லை. உணவுத் தொழிற்சாலைகளில் வழக்கமாகச் செய்வதுதான் இது. புரதம் மடிப்பவிழ்ந்து சிக்கிக்கொள்ள அதைச் சுற்றித் தண்ணீர் வேண்டும். ஸ்போர் தன் உட்பகுதியிலிருந்து தண்ணீரை வெகுவாக வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் கால்சியம் சேர்ந்த ஒரு பொருளை நிரப்பிக்கொள்கிறது. புரதங்கள் அசைய இடமில்லாமல் இறுகிக் கிடக்கின்றன. 100 டிகிரி அவற்றைக் குலைக்கப் போதவில்லை.

லண்டனில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் இதைத் தன் ஆய்வகத்திலேயே அனுபவித்தார். காற்றில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, தூசி மின்னாத பெட்டிக்குள் சாறுகளை வைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் போதும் என்று காட்டியவர் அவர். பிறகு பழைய காய்ந்த புல்லை உள்ளே கொண்டுவந்தார். அதன் பின் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தாலும் சாறு கலங்கியது. புல்லோடு தொடர்பில்லாத மற்றச் சாறுகளும் கெடத் தொடங்கின. ஆய்வகம் முழுக்க ஸ்போர் பரவிவிட்டிருந்தது. சோதனையைத் தொடர அவர் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு இடம் மாற வேண்டியிருந்தது.

1877இல் அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரேயடியாகக் கொதிக்கவைக்காமல், சிறிது நேரம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். உறங்கும் ஸ்போர்கள் அந்த இதமான சாற்றில் முளைக்கும். முளைத்ததும் அவை சாதாரண பாக்டீரியா, ஓடு கிடையாது. மறுபடி கொதிக்கவைத்தால் சாகும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், மணிக்கணக்கான கொதியால் ஆகாதது சில நிமிடக் கொதிகளால் ஆகிவிடும்.

பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் ஷாம்பெர்லான் வேறு வழியில் போனார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு எரித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டி உயரத்தில் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை ஏறும். 1880ஐ ஒட்டி அவர் உருவாக்கிய ஆட்டோகிளேவ் அப்படித்தான் வேலை செய்கிறது. 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் என்பது இன்று ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் பழகிப்போன கணக்கு. அந்தச் சூட்டில் ஸ்போரும் தாங்காது.

இரண்டாவது சுருக்கம்: உயிரோடு இயங்கும் கிருமியைக் கொல்லக் கொதிநிலை தாராளம். உறங்கும் ஸ்போரைக் கொல்ல அதற்கும் மேலே போக வேண்டும், அல்லது அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். புஷே கண்ட உயிர்கள் புதிதாகப் பிறந்தவை அல்ல, செத்துப்போகாதவை.

அடுப்படியில்

பாஸ்சுரைஸ்டு என்று பால் பாக்கெட்டில் இருந்தால், பாலை 72 டிகிரியில் 15 நொடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள் என்று பொருள். நோய் தரும் கிருமிகளைக் கொல்ல அது போதும்; பாலில் வேறு சில உயிர்கள் மிச்சமிருக்கும். அதனால்தான் அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். மாதக்கணக்கில் வெளியே இருக்கும் அட்டைப்பெட்டிப் பால் 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடேற்றி, கிருமி புகாதபடி அடைத்தது. அந்தப் பெட்டியையும் திறந்துவிட்டால் கதை மாறிவிடும். சூடு உள்ளே இருப்பதைத்தான் கொல்லும். அடுத்து வருவதைத் தடுக்காது.

சோற்றுக்கு வருவோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் இருக்கலாம். அது சோறு வேகும்போது சாவதில்லை. வடித்த சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே விட்டால் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் ஒரு நச்சு, வாந்தியை வரவழைப்பது, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கிருமி செத்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு மிஞ்சும். 'சூடு பண்ணிட்டா போதும்' என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. மிஞ்சிய சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே வழி.

குடிநீருக்கு இந்தக் கவலை வேண்டாம். தண்ணீரால் பரவும் காலரா, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகள் ஸ்போர் உண்டாக்குவதில்லை. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம்.

பாஸ்டர் நிரூபிக்காதது

உயிரற்றதிலிருந்து உயிர் ஒருபோதும் வந்திருக்க முடியாது என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டார், ஆகவே பூமியில் முதல் உயிர் இயற்கையாகத் தோன்றியிருக்க முடியாது என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தக் குடுவை அப்படி எதையும் சொல்லவில்லை. ஈஸ்ட் சாறோ இறைச்சிச் சாறோ கெடும்போது அதில் காணும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்களின் பிள்ளைகள் என்று சொல்கிறது. சில மாதங்கள், ஒரு குடுவை, இன்றைய காற்று என்பதுதான் சோதனையின் எல்லை. முதல் உயிர் தோன்றிய பூமியில் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கையில் இருந்த காலமோ கோடிக்கணக்கான வருஷம். அங்கே நடந்தது நிதானமான வேதி மாற்றங்களின் நீண்ட தொடர் என்றுதான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். முழு பாக்டீரியா ஒன்று ஒரு வாரத்தில் சாற்றிலிருந்து குதித்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் இன்று ஏன் அது மறுபடி நடப்பதில்லை என்ற கேள்விக்கு, 1871இல் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின் ஒரு பதிலை யோசித்திருக்கிறார். வெதுவெதுப்பான ஒரு சின்னக் குளத்தில் உயிருக்கு முந்தைய சிக்கலான பொருள் ஒன்று இன்று உருவானாலும், அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்கள் அதை உடனே தின்றுவிடும். உயிர்கள் தோன்றுவதற்கு முன்பு, தின்ன அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.